பின்தட்டில் வைத்த சொட்டு மருந்து

அண்ணனின் கண் மருந்தை ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காதே, உள்ளே பின்பக்கமாகத் தள்ளி வை என்று சொன்னது நான்தான். மருத்துவமனையில் கொடுத்த தாளில் கதவுத் தட்டில் வைக்கவும் என்று படத்தோடு போட்டிருந்தது. அதைப் படித்த பிறகுதான் சொன்னேன்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

அண்ணன் கண்ணாடி வெட்டுபவன். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, குளியலறைக்கு, யாருக்கு எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவில். முப்பத்தொரு வருடத்தில் கையில் நான்கு தையல், காலில் ஒன்று. கண்ணில் ஒரு சில்லுகூடத் தெறித்ததில்லை. "தொழில் என் கண்ணு மேல கை வைக்கல. சர்க்கரைதான் வெச்சுது" என்பான். விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கசிந்து, பார்வையின் நடுப்பகுதி வீங்கிவிடுகிறது. நேர்கோடு வளைந்து தெரிவது முதல் அறிகுறி. மற்றவர்களுக்கு இது பிடிபட மாதக்கணக்காகும். அண்ணனுக்கு ஒரே காலையில் பிடிபட்டது. கண்ணாடியின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தான். ஸ்கேல் நடுவில் தொய்ந்து கிடந்தது.

அது இடது கண். மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. இரண்டு போட்டுக்கொண்டான். மூன்றாவது ஊசியன்று மேசையிலிருந்து எழுந்து, கழுத்தில் கட்டிய பச்சைத் துணியோடு வெளியே நடந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். துணியைத் திருப்பிக் கொடுக்க அண்ணிதான் போனார். அதன் பிறகு பல மாதம் அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. எட்டு மாதத்தில் இடது கண்ணின் நடுவில் சாம்பல் நிறமாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. அது இனிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிறகு வலது கண்ணில் ஆரம்பித்தது.

என் வேலை கண் மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். சொட்டு மருந்து கண்ணின் பின்புறம் வரை போய்ச் சேருவதில்லை. விட்ட சொட்டில் பாதியை இமை ஒரே சிமிட்டலில் வெளியே தள்ளும். மிச்சத்தைக் கண்ணீர் கழுவிவிடும். தப்பியதைக் கருவிழி நிறுத்திவிடும். அதனால்தான் ஊசி. எங்கள் ஆய்வகத்தில் மருந்தைக் கொழுப்பில் பொதிந்து, அந்தக் கொழுப்பை மிக அதிக அழுத்தத்தில் ஒரு இடுக்கு வழியாகப் பிழிகிறார்கள். ஒரு தலைமுடியின் அகலத்தில் அறுநூறு துகள் வரிசையாக நிற்கும். அவ்வளவு சிறிதாக உடைந்துவிடும். அந்தத் துகளின் அளவை எடுப்பது நான். இயந்திரத்தில் ஒரு துளி வைத்தால் அதன் ஊடே லேசர் போகும், திரையில் எண் வரும். நூற்றிருபது நானோமீட்டர் வந்தால் நல்லது. நூற்றைம்பதைத் தாண்டினால் அந்தத் தொகுதி முழுவதும் கழிவுக்குப் போகும். பதினான்கு வருடமாக இதே வேலை. பள்ளிக்கூடத்தில் மேசை, பெஞ்சு, வாத்தியார் பிரம்பு என்று எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்ததால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் ஸ்கேல். இன்னும் அதுதான் கூப்பிடுகிறான்.

எங்கள் மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு அண்ணன் போகும் கண் மருத்துவமனையில் நடந்தது. மூன்று மாதம் ஊசி கிடையாது, தினமும் சொட்டு மட்டும். சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு அவனாகவே போய்க் கையெழுத்துப் போட்டான். முதல் புட்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னான்.

"அண்ணா, ஃபார்ம்ல ஒரு கேள்வி இருந்திருக்குமே. நெருங்கின சொந்தக்காரங்க யாராவது அந்தக் கம்பெனியில வேலை செய்றாங்களான்னு."

"இருந்துச்சு. இல்லைன்னு போட்டேன்."

"நான் இருக்கேனே."

"நீ எங்க வேலை செய்றே? அளக்கத்தானே செய்றே."

அண்ணி சமையலறையிலிருந்து சிரித்தார். எனக்குக் கல்யாணமாகி முதலெழுத்து மாறிவிட்டதால் பட்டியலைப் பார்த்த யாருக்கும் எதுவும் தெரிய வாய்ப்பில்லை. மறுநாளே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்றைக்கு அவனுக்கு மருந்தைப் பற்றி விளக்கினேன். மருந்தைக் கொழுப்புக்குள் மறைத்து அனுப்பினால் கண் அதைத் தன்னைச் சேர்ந்தது என்று நினைத்து உள்ளே விட்டுவிடும் என்றேன்.

"அதாவது கூட்டத்தோட கூட்டமா டிக்கெட் வாங்காம உள்ள போற மாதிரி."

"கிட்டத்தட்ட."

"அப்ப நம்ம ஆளுங்கதான்" என்றான். சினிமாக் கொட்டகைக்குள் அவன் அப்படிப் போன கதைகளை எல்லாம் அண்ணி முன்னால் மறுபடி சொன்னான்.

ஆய்வில் பாதிப் பேருக்கு வெறும் கொழுப்புத் துகள்தான் கொடுப்பார்கள், உள்ளே மருந்து இருக்காது என்பதையும் சொன்னேன். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

"எனக்கு மருந்துதான் வந்திருக்கு" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"கண்ணுல விட்டா சும்மா இருக்குற மாதிரி இல்ல. ஏதோ வேலை நடக்குற மாதிரி இருக்கு."

பிறகுதான் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். புட்டி கதவுத் தட்டில், தக்காளி சாஸுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில் நின்றது. எங்கள் ஆய்வகத்தின் குளிர்ப்பெட்டியில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வெப்பமானி உண்டு. கதவு திறக்கும்போதெல்லாம் முன்தட்டில் முள் குதிக்கும், பின்தட்டில் அசையாது. மாதிரிகளை எப்போதும் பின்தட்டில்தான் வைப்போம். அந்தப் பழக்கத்தில் புட்டியை எடுத்து உள்ளே, கடைசியில், இடது மூலையில் வைத்தேன். அண்ணி மறந்துவிடக் கூடாது என்று ஒரு சீட்டில் 'மருந்து: பின்தட்டு, இடது மூலை' என்று எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் மருத்துவமனை கொடுத்த கட்டத்தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

கட்டத்தாள் என்பது குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி வைத்த காகிதம். தினமும் காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று அண்ணன் சொல்வான், அண்ணி நோட்டில் எழுதுவார். முதல் வாரம் முழுக்க 'வளைவு'. இரண்டாம் வாரத்தில் 'கொஞ்சம் வளைவு'. அதற்குப் பிறகு நாள் தவறாமல் 'நேர்'.

நான்காம் வாரம் மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். வீக்கம் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் எல்லைக்குள்தான் இருக்கிறது, எட்டாம் வாரம் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது புட்டி கொடுத்தார்கள். அதுவும் பின்தட்டுக்குப் போனது.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். அண்ணி வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தவர் அதை என் பக்கம் நீட்டினார்.

"இந்தக் கொடுமையைப் பாரேன். வாங்கி மூணு நாள்தான் ஆகுது. பின்னாடி போயிடுச்சுன்னா உங்க அண்ணன் கடைச் சரக்கு மாதிரி ஆயிடுது."

வெள்ளரிக்காயின் ஒரு பக்கம் கண்ணாடி போல ஊடே தெரிந்தது. அழுத்தினால் தண்ணீர் கசிந்தது.

"போன வாரம் முட்டை ரெண்டு வெடிச்சுப் போச்சு. இது ஃப்ரிட்ஜா, இல்ல ஐஸ் ஃபேக்டரியா? மாத்துங்கன்னா, ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு சொல்றார்."

நான் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். பின்சுவரில் விரல் தடிமனுக்குப் பனி. புட்டியின் முதுகு அந்தப் பனியில் ஒட்டியிருந்தது. எடுத்தபோது மெல்லிய சத்தம் கேட்டது. உள்ளே பாதி உறைந்திருந்தது.

தினமும் காலையில் அண்ணி அதை எடுத்து மேசைமேல் பத்து நிமிடம் வைப்பாராம். கட்டி கரைந்ததும் சொட்டு விடுவார்களாம். "நல்லா குளுந்து இருக்கு, மருந்து கெடாம இருக்குன்னு நினைச்சேன்" என்றார்.

கொழுப்புத் துகள் குளிரைத் தாங்கும், உறைவதைத் தாங்காது. சுற்றியுள்ள தண்ணீர் ஐஸாகும்போது துகள்களை ஒன்றோடொன்று நெருக்கி நசுக்கிவிடும். ஐஸ் கரைந்தாலும் அவை பிரிவதில்லை. நான் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு விட்டேன். நல்ல மருந்தாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் தண்ணீருக்குள் மெல்லிய நீலப் புகை போலப் பரவும். இது வெள்ளையாகத் திட்டுத் திட்டாக மிதந்தது.

"என்ன பண்றே?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா பார்த்தேன்" என்றேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். கிளம்பும்போது ஒரு சிறு குப்பியில் பத்துச் சொட்டு எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் இயந்திரத்தில் வைத்தேன். மூன்று முறை எடுப்பது வழக்கம், மூன்று முறை எடுத்தேன். முதல் முறை எண்ணூற்று நாற்பது. இரண்டாவது ஆயிரத்து நூறு. மூன்றாவது முறை, அளவிட முடியவில்லை என்று திரையில் வந்தது. துளி வைத்த சின்னக் குவளையைக் கழுவினேன். பக்கத்து மேசையில் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இன்றைக்கும் இதேதானா என்று தன் டப்பாவையே திட்டிக்கொண்டிருந்தார். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கை கால் எல்லாம் அதனதன் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

கணக்கு நேரானது. அண்ணனின் வலது கண் ஆறு வாரமாக எந்த மருந்தும் இல்லாமல் இருக்கிறது. அவன் புட்டியில் மருந்து இருந்ததா, வெறும் கொழுப்பா என்ற கேள்விக்கே இனி அர்த்தமில்லை. எட்டாம் வாரம் வரை விட்டால், இடது கண் போன வழியில் இதுவும் போகலாம்.

அன்று சாயங்காலம் அண்ணனின் கடைக்குப் போனேன். வெட்டும் மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடித் தகடு கிடந்தது. விரலால் விளிம்பைத் தடவியபடி ஸ்கேலை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"தெரியுதாண்ணா?"

"ஸ்கேல் வளைஞ்சுதான் தெரியுது. ஆனா இரும்பு வளையாதுன்னு எனக்குத் தெரியும். அதை நம்பி வெட்டுறேன். கண்ணை நம்பல."

"வளைஞ்சு தெரியுதா? நோட்டுல நேருன்னு எழுதியிருக்கே."

அவன் வெட்டுக்கோலைக் கீழே வைத்தான். "முன்னைக்கு இப்ப நேர்தான். வந்த விஷயத்தைச் சொல்லு."

சொன்னேன். பின்தட்டு, பனி, எண்ணூற்று நாற்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே விளிம்பில் இருந்த தூளைத் துணியால் துடைத்தான்.

"சரி. இந்தப் புட்டி கீழ விழுந்து உடைஞ்சுதுன்னு சொல்லி வேற வாங்கிக்கறேன்."

"பிளாஸ்டிக் உடையாது."

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்றேன். நான் தொலைக்காததா?"

"ஆறு வாரம் போயிருக்குண்ணா. அவங்க உன்னோட கண்ணை வெச்சு இந்த மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு எழுதப் போறாங்க. இது மருந்தே இல்ல. நான் சொல்லியாகணும்."

"சொன்னா?"

"ஆய்வுலேர்ந்து உன்னை எடுத்துடுவாங்க. உடனே ஊசி ஆரம்பிப்பாங்க."

துணியை உதறி மடித்து வைத்தான். பிறகு சிரிக்கப் பார்த்தான். "ஏய் ஸ்கேலு, ஊசி எப்படி வரும் தெரியுமா? இமையை ஒரு கம்பியால கவ்வி வெச்சுடுவாங்க. மூட முடியாது. மேலேர்ந்து வர்றதை நீ பார்த்துக்கிட்டே இருக்கணும். வலி இல்லைம்பாங்க. வலியை யாரு கேட்டா? எதுக்கு அந்தக் கண்ணாலேயே அதைப் பார்க்கணும்? அதான் என்னால முடியல."

"தெரியும்."

"உனக்கு எண்தான் தெரியும். இந்த மருந்து எனக்கு வேலை செய்யுது. கோடு நேராயிட்டு வருது. கெட்டுப்போனதோ உறைஞ்சதோ, எனக்குச் செய்யுது. விடு."

"அண்ணா..."

"பின்னாடி வைன்னு சொன்னது யாரு? நான் கேட்டேனா? தாள்ல கதவுலன்னு போட்டிருந்துச்சு. நீதானே எழுதி ஒட்டினே. உன்னாலதான் கெட்டுதுன்னா நீயே வாயை மூடிக்கிட்டு இரு."

அவன் சொன்னது சரி. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கண்ணாடித் தகட்டில் கடையின் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வேலையாக விதிமுறை விலகல் அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு குப்பி சாய்ந்தாலும் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். வருடத்துக்கு ஐந்தாறு நிரப்பியிருக்கிறேன். அதே பேனா, அதே கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு தரக்கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போனேன். எதிலும் முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு முத்திரை மேடம் என்றே பெயர். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நோயாளி வீட்டுல ஃப்ரிட்ஜ் எப்படி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அண்ணன் மேடம்."

"சேர்ந்தப்பவே தெரியுமா?"

"மறுநாளே தெரியும்."

"பின்னாடி வைக்கச் சொன்னது?"

"நான்தான். மூணாவது பத்தியில எழுதியிருக்கேன்."

அவர் மறுபடி படித்தார். "நீங்க சொல்லாம இருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"பின்னே ஏன்மா?"

விட்டுப்போன தேதியைப் படிவத்தின் அடியில் எழுதிக் கொடுத்தேன். அவர் முத்திரையை மை அட்டையில் ஒற்றி, படிவத்தின் மூலையில் குத்தினார். வழக்கத்தைவிட மெதுவாகக் குத்தியது போல இருந்தது. விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். மேசையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மருத்துவமனையிலிருந்து அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தார்கள். ஆய்விலிருந்து விலக்கியாகிவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். அவன் போகவில்லை. மறுநாளும் போன் வந்தது. எடுக்கவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. ஒன்பதாவது நாள் டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டுப் பேசினார். இன்னும் இரண்டு வாரம் தள்ளினால் பிறகு ஊசி போட்டாலும் பெரிய பயன் இருக்காது என்றார். அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"நான் சொன்னா, நோட்டைக் காட்டுறார். நேர், நேர்னு எழுதியிருக்கு பாரு, குணமாயிட்டு வருதுங்கறார். எழுதினது நான்தானே, எனக்குத் தெரியாதா? புள்ளியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே நேருன்னு சொல்லிடுவார்மா. காபி ஆறிடும், எழுதுடிம்பார்."

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நல்லாயிட்டு வருதுன்னு நானும் நினைச்சுக்கிட்டேன். எல்லாரும் அவங்கவங்களுக்குப் பிடிச்சதைத்தான் எழுதி ஒட்டறோம்" என்றார். என்னைக் குத்திச் சொன்னாரா என்று தெரியவில்லை. குத்தியிருந்தாலும் எனக்குப் படவில்லை.

அன்று மத்தியானம் மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டேன். ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. நடுவில் புள்ளி. கோடு போட எனக்குச் சலிப்பதில்லை. முடித்ததும் அதை அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான். மேசைமேல் அன்றைக்கு வெட்டிய தகடு எதுவும் இல்லை. தரையெல்லாம் கூட்டிச் சுத்தமாக இருந்தது. அவன் கடை அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"புதுத் தாள் கொண்டு வந்திருக்கேன். ஒரே ஒரு தடவை பாரு. பார்த்துட்டு சொல்லு. போயிடறேன்."

"பார்த்தா போயிடுவியா?"

"போயிடறேன்."

இடது கண்ணைப் பொத்திக்கொண்டான். அட்டையைக் கை தூரத்தில் பிடித்தேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"நேர். எல்லாம் நேர். போ."

"அண்ணா, நடுவுல ஒரு கோடு நான் போடவே இல்லை."

அவன் கையை எடுக்கவில்லை. பொத்திய கண்ணோடு அப்படியே இருந்தான். தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி, "வரட்டும், வரட்டும்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அட்டையை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் கிடத்தினான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் கோடுகளைத் தேடினான். ஸ்கேலை வைத்து, அதில் செதுக்கியிருந்த கோடுகளைக் கட்டைவிரல் நகத்தால் எண்ணினான். அஞ்சு என்றான். அடுத்தது அஞ்சு என்றான். அடுத்ததும் அஞ்சு. புள்ளிக்குப் பக்கத்தில் வந்ததும் மூன்று தடவை எண்ணினான்.

"பத்து" என்றான்.



"தங்கச்சியா நீ? சண்டாளி." குரலில் கோபம் இல்லை. அட்டையைத் திருப்பிப் போட்டான். உள்ளே போய்க் கையைக் கழுவினான், முகத்தைக் கழுவினான், கடைசியில் தலையையும் குழாயடியில் காட்டினான். ஈரத் தலையோடு வந்து கதவை இழுத்துச் சாத்தினான்.

"எந்த பஸ்ஸு?" என்றான்.

ஊசி அறைக்குள் துணைக்கு ஒருவரை விடுவார்கள் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அண்ணி வரமாட்டேன் என்றதால் நான் போனேன். முதலில் மரத்துப்போகும் சொட்டு. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. செவிலியர் பஞ்சுக் குச்சியால் கண்ணின் வெள்ளையைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றான் அண்ணன். எனக்குள்ளும் கொஞ்ச நாளாக அப்படித்தான் இருந்தது; யாராவது தொட்டுப் பார்த்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

கம்பியை வைத்ததும் அவன் கை என் கையைத் தேடியது. முப்பத்தொரு வருடம் கண்ணாடி பிடித்த கை. என் விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது.

"ஏதாவது பேசு ஸ்கேலு."

"என்ன பேச?"

"எண்ணாவது சொல்லேன். அதுதானே உனக்கு வரும்."

ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். ஒன்பதில் டாக்டர் முடிந்துவிட்டது என்றார். அண்ணன், இருபது வரைக்கும் சொல்லட்டும் என்றான். செவிலியர் சிரித்தார். நான் இருபது வரை சொன்னேன்.

அடுத்த மாதம் இரண்டாவது ஊசி. அதற்கடுத்த மாதம் மூன்றாவது. போன தடவை அவன் எழுந்து ஓடியது அந்த மூன்றாவதில்தான். அன்றைக்குப் பச்சைத் துணியைக் கழுத்தில் கட்டியபோது செவிலியரிடம், "இதை இறுக்கிக் கட்டுங்க. போன தடவை உங்க துணி என்கூட ஓடி வந்துடுச்சு" என்றான். ஓடவில்லை. எழுபத்திரண்டு வரை எண்ண வைத்தான்.

இதற்கிடையில் எனக்குக் கடிதம் வந்தது. அளவு எடுக்கும் வேலையிலிருந்து எடுத்து, சீட்டு ஒட்டும் பிரிவில் போட்டிருந்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: 'ஃப்ரிட்ஜின் பின்சுவரில் படாமல் வைக்கவும்.' ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு தாள். எழுத்து மங்காமல் இருக்கிறதா என்று பார்த்து மடிக்க வேண்டும். மடிக்கிறேன்.

மூன்றாவது ஊசி போட்டு பத்து நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். வீக்கம் பாதியாகக் குறைந்திருக்கிறது, எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜ் கதவில் என் சீட்டு இல்லை. கிழித்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. மருத்துவமனைக் கட்டத்தாளும் இல்லை. அதற்குப் பதில் நான் போட்ட கட்டம் அட்டையோடு தொங்கியது.

நடுவில் விட்டுப்போன கோட்டைப் பென்சிலால் போட்டிருந்தான்.

"பார்த்துப் போட்டியா, அளந்து போட்டியா?" என்று கேட்டேன்.

அண்ணன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். "உனக்கெதுக்கு அது? நேரா இருக்கா, சொல்லு."

பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். மேலே ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஐந்து. கீழே வர வர ஒரு அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அளந்து போட்டிருந்தால் அண்ணன் கைக்கு அரை மில்லிமீட்டர் தவறாது.

"சொல்லேன். நேரா இருக்கா?"

"அரை மில்லி கோணல்" என்றேன்.

"இருக்கும்" என்றான் அண்ணன். காபியைக் குடித்தான்.